விருந்து எனும் வனப்பு: ஜாஸ் இசையும் நால்வர் நரம்பிசையும்

தொல்காப்பியர் செய்யுளியலில் எண்ணும் வனப்பு எட்டனுள் 'விருந்து' என்பதும் ஒன்று. முன்னோர் கையாளாத புதிய யாப்பில் அமைவதை அவர் அப்பெயரால் சுட்டினார். நம் இல்லம் தேடி வருபவரையும் அதே சொல்லால்தான் அழைக்கிறோம். வந்தவர் நம் உடைமை அல்லர். அயலாரென்று வாயிலிலேயே நிறுத்தத்தக்கவரும் அல்லர். மரபா புதுமையா என்று பத்தாண்டுகளாக வாதிட்டுவரும் நம் வட்டத்தார்க்கு இச்சொல் நல்லதொரு அளவுகோல். அதனைக் கையில் கொண்டு இசை வரலாற்றின் ஒரு பகுதியை இக்கட்டுரையில் காண முயல்கிறேன்.

இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ ஆகிய நான்கும் கூடுவது மேலை இசையின் நால்வர் நரம்பிசை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஹைடன் அதற்குச் செம்மையான வடிவம் தந்தார். அந்நால்வருள் முதல்வியாகிய வயலின் நம்மிடம் விருந்தாக வந்த வரலாறு யாவரும் அறிந்ததே. முத்துசாமி தீட்சிதரின் இளவல் பாலுசாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் அதனைக் கற்றார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு அதனைத் திருவிதாங்கூர் அவைக்குக் கொண்டு சென்றார். கருவி மாறவில்லை. தோளில் நின்றது தரையில் அமர்ந்தது. சுருதி கூட்டும் முறை மாறியது. கமகம் பேசக் கற்றது. விருந்து உறவாயிற்று.

அவ்வுறவு முதிர்ந்த இடங்களுள் ஒன்று நம் ஊருக்கு மிக அருகிலேயே உள்ளது. திருவரங்கத்தைக் கடந்து கொள்ளிடத்தின் வடகரை ஏறினால் லால்குடி. அவ்வூரை அடைமொழியாகக் கொண்ட ஜெயராமன் (1930-2013) வயலினை மனிதக் குரல்போலப் பாடவைத்தவர். 1966-இல் அவர் குழலையும் வீணையையும் வயலினோடு கூட்டி ஒரு மூவர் கச்சேரி முறையை வகுத்தார். பக்கவாத்தியமாக இருந்த வயலின், பிற கருவிகளோடு நிகராக அமர்ந்து உரையாடலாம் என்பது அதனால் விளங்கிற்று. லால்குடியை அடுத்த பூவாளூரில் 1942-இல் பிறந்த திருச்சி சங்கரன், பழனி சுப்பிரமணிய பிள்ளையிடம் பயின்ற மிருதங்கத்தோடு 1971-இல் கனடாவின் யார்க் பல்கலைக்கழகம் சென்றார். 1975-இல் வெளியான ஓர் இசைத்தட்டில், டேவிட் ரோசன்பூம், ஜே.பி. ஃபிளாய்ட் ஆகியோரின் இரு பியானோக்களோடு அம்மிருதங்கம் ஒலிக்கிறது. இம்முறை விருந்தாகச் சென்றவர் நம்மவர்.

இனி ஜாஸ். அடிமைத்தளையில் வதைபட்ட ஆப்பிரிக்க மக்களின் வழித்தோன்றல்கள் அமெரிக்காவில் படைத்த இசை அது. அதன் உயிர்நிலை, மேடையிலேயே பிறக்கும் கற்பனை. நால்வர் நரம்பிசையோ, பெரும்பாலும் முழுதும் எழுதிவைத்ததை வாசிப்பது. இவ்விரண்டும் சந்திப்பது எளிதன்று. ஜாஸ் மேதை ஆர்னெட் கோல்மன் 1962 டிசம்பர் 21 அன்று நியூயார்க் டவுன் ஹாலில் நிகழ்த்திய கச்சேரியில், நால்வர் நரம்பிசைக்கெனத் தாம் இயற்றிய ஒன்றை அரங்கேற்றினார். அதனைக் கவிஞர்க்கும் எழுத்தாளர்க்கும் காணிக்கை என்று பெயரிலேயே குறித்தார் என்பது நம் வட்டத்தார் மகிழத்தக்க செய்தி.

அவ்வழியில் வந்தவர் விஜய் ஐயர். தமிழ்நாட்டிலிருந்து குடியேறிய பெற்றோர்க்கு 1971-இல் நியூயார்க் மாநிலத்து ஆல்பனியில் பிறந்தவர். மூன்று வயதில் மேலைமுறை வயலின் கற்கத் தொடங்கினார். பியானோவைத் தாமே செவிவழி பயின்றார். கணிதமும் இயற்பியலும் படித்து, 1998-இல் பெர்க்லியில் இசையறிதல் பற்றி ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். 2014 முதல் ஹார்வர்டில் பேராசிரியர். 2005-இல் 'ஈத்தல்' என்னும் தற்கால நரம்பிசைக் குழுவிற்காக அவர் இயற்றிய பத்துப் பகுதிப் படைப்பு 'மியூட்டேஷன்ஸ்'. வேறு நால்வர் வாசிக்க, அவரே பியானோவும் மின்னொலியும் இசைக்க, 2014-இல் அஃது இசைத்தட்டாக வெளிவந்தது.

அத்தலைப்பைத் தமிழில் 'திரிபு' எனலாம். புணர்ச்சி விகாரம் மூன்றனுள் திரிதல் ஒன்று. பொன்னும் குடமும் சேரப் பொற்குடம் ஆகிறது. இரு சொல்லும் இருக்கின்றன, சேரும் இடத்தில் மட்டும் ஓரொலி வேறாகிறது. இப்படைப்பின் இயல்பும் அதுவே. சில பகுதிகள் எழுதப்பட்டவை. சிலவற்றில் எழுதிய சிறு துணுக்குகளைக்கொண்டு வாசிப்போர் அவ்வப்போது தாமே முடிவெடுக்கின்றனர். திருவரங்கத்தில் மார்கழிதோறும் அரையர் பாசுரத்தை அபிநயத்தால் விரிப்பதைக் கண்டிருக்கிறோம். அவ்விரிவும் வழிவழியாகக் கற்றதே. கச்சேரியில் பாடகர் நிரவல் செய்கையில் சொல் நிற்கிறது, இசை அங்கேயே பிறக்கிறது. எழுத்திற்கும் கற்பனைக்கும் இடையே எங்குக் கோடு கிழிப்பது என்பது இம்மூன்றிற்கும் பொதுவான வினா. கவிஞர்க்கும் அதுவே வினா என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே வரலாறு எழுதுவோர்க்கு ஓர் எச்சரிக்கை உண்டு. 'நம்மவர் சாதனை' என்று தலைப்பிட்டு, அவர் இசையில் இராகம் தேடி எடுத்து, பெருமை பேசி முடிப்பது எளிது. கர்நாடக இசையின் தாளக் கணக்குகள் அவர்க்கு ஊற்றுகளுள் ஒன்று என்பது மெய். கர்நாடக இசையைக் கிதாரில் வாசிக்கும் பிரசன்னாவோடு 2011-இல் 'தீர்த்தா' என்னும் இசைத்தட்டும் தந்தார். ஆயினும் தெலோனியஸ் மங்க், ஆண்ட்ரூ ஹில் போன்ற கறுப்பின மேதைகளையே அவர் தம் முன்னோராகப் போற்றுகிறார். அவர் புகுந்த வீட்டைக் கட்டியவர் அவர்கள். அவர்கள் பெயரை மறைத்துவிட்டு நாம் கொண்டாடினால், விருந்தாளியின் உறவினர் வந்து வீட்டிற்குப் பட்டா கேட்டதாகும்.

வயலினை நமதாக்கிக்கொண்டபோது அதன் பிறப்பிடத்தை நாம் மறைக்கவில்லை. அதனால் நம் இசை சிறுத்தும் போகவில்லை. நம் கவிதைக்கும் இதே நேர்மை வேண்டும். புதுக்கவிதை வால்ட் விட்மனிடம் பெற்ற தூண்டுதலைச் சொல்ல ந. பிச்சமூர்த்தி தயங்கவில்லை. யாரிடம் கொண்டோம் என்று சொல்லத் தெரிந்த மொழியே பிறர்க்குக் கொடுக்கவும் தகுதி பெறுகிறது. அடுத்த பத்தாண்டில் நம் வட்டத்து மேடையேறும் புதிய வடிவங்கள் எவையாயினும், அவை எங்கிருந்து வந்தன என்று கேட்டறிந்து, பெயர் சொல்லி வரவேற்போமாக. தொல்காப்பியர் விருந்தை வனப்புகளோடு சேர்த்து எண்ணியதன் பயன் அதுவே.