மரச்சீனியும் சாளையும்: ஒரு தட்டின் கார்பன் கணக்கு

மரவள்ளிக்குத் திருவனந்தபுரத்தில் பெயர் மரச்சீனி. எல்லை தாண்டிக் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வந்தாலும் அதே பெயர்தான். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் ராமவர்மா இந்தக் கிழங்கை நாடெங்கும் பரப்பினார். விஷக்கிழங்கு என்று ஜனங்கள் தொட அஞ்சியபோது, அரண்மனையில் அவிக்கச் சொல்லித் தாமே முதலில் தின்று காட்டினார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, நெல் ஏறாத மேட்டு நிலத்திலும் வயிற்றுக்கு வழி பிறந்தது.

அந்த வழி தேவைப்பட்டது. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் நாஞ்சில் நாடு. அங்கே விளைந்ததும் போதாமல் பர்மா அரிசி கப்பலில் வந்துகொண்டிருந்தது. 1942-இல் ரங்கூன் ஜப்பானியர் வசமானதும் அந்த வரத்து நின்றது. பஞ்சம் வாசலுக்கு வந்த அந்த ஆண்டுகளில் ஏழை வீடுகளைத் தாங்கியது மரச்சீனிதான். பிறகு 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் மாறின. நாஞ்சில் நாடு தமிழகத்தோடு சேர்ந்தது. திவான் ராஜா கேசவதாசன் காலத்தில் உருவான திருவனந்தபுரத்துச் சாலைக் கம்போளத்தில் இன்று அடுக்கியிருக்கும் மூட்டைகளில் ஆந்திரத்து ஜெயா அரிசி முக்கியமானது.

இவ்வளவு தூரம் லாரியில் வரும் சோறு பூமியைச் சூடாக்காதா என்று கேட்கத் தோன்றும். ஆனால் பாரம் ஏறுவது வேறிடத்தில். டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஹிமான்ஷு பாதக்கும் சக ஆய்வாளர்களும் இந்திய உணவுகளின் கார்பன் தடத்தை மதிப்பிட்டு 2010-இல் வெளியிட்டார்கள். பூமியைச் சூடாக்கும் வாயுக்களில் 87 சதவீதம் விளைவிக்கும்போதே உண்டாகிறது. சமைப்பதில் 10 சதவீதம். ஏற்றி இறக்குவதில் வெறும் 1 சதவீதம். ஆட்டுக்கறிச் சாப்பாட்டின் தடம் மரக்கறிச் சாப்பாட்டினதைப்போல் 1.8 மடங்கு.

அரிசியின் பாரம் வயலில் தேங்கிய நீருக்கடியில் இருக்கிறது. காற்றுப் புகாத சேற்றில் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். 1970-களின் நடுவில் கேரளத்தில் 8 லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்த நெல் பரப்பு இன்று ஏறக்குறைய 2 லட்சம். இதைப் பார்த்து மீத்தேன் குறைந்ததென்று மகிழ முடியாது. சோறு உண்பது நிற்கவில்லை; அதற்கான வயல் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டது. இங்கே இழந்தது மழைநீரைத் தாங்கி நின்ற நிலத்தை. அந்த இழப்பைத் தடுக்கத்தான் 2008-இல் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

சரி, மரச்சீனிக்கு மாறிவிட்டால்? உலகச் சராசரியில் ஒரு கிலோ அரிசிக்கு வெளியேறும் வாயு, கரியமில வாயுக் கணக்கில், 4 கிலோவுக்குச் சற்று மேல். மரவள்ளிக்கு ஒன்றே கால் கிலோ அளவு. வித்தியாசம் பெரிதாகத் தெரியும். ஆனால் கிழங்கில் பாதிக்கு மேல் தண்ணீர். பசியாற்றும் கலோரியைக் கொண்டு அளந்தால் இரண்டும் ஏறக்குறைய சமம். உலகச் சராசரியில் காட்டை அழித்துப் பயிரிட்ட பாரமும் கலந்திருக்கிறது என்பதால், வீட்டுப் புரையிடத்தில் நட்ட நாலு மூடு மரச்சீனிக்கு அதே எண்ணைப் பொருத்துவது நியாயமில்லை. திருவனந்தபுரம் நகரின் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கும் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்களில் ஒன்று ஸ்ரீ விசாகம். பெயரைக் கேட்டாலே அந்த மன்னர் நினைவுக்கு வருகிறார்.

மரச்சீனிக்குத் துணை சாளைக்கறி. பாயும் துடுப்புமாகக் கட்டுமரம் கடலுக்குப் போன காலத்தில் அந்த மீனுக்கு எரிபொருட் கணக்கே கிடையாது. 1980-களில் இந்தக் கரையில் அவுட்போர்டு எஞ்சின் பரவியது. மண்ணெண்ணெயும் கூடவே வந்தது. மீனவரின் உடல்நோவு குறைந்தது, தொலைவுக்குப் போக முடிந்தது. அவர்களைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அன்று முதல் சாளையும் கார்பன் கணக்கில் ஏறியது.

இனி அடுப்பு. 1962-இல் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் அமைப்பு, புகையில்லா அடுப்பை ‘பரிஷத் அடுப்பு’ என்ற பெயரில் வீடுவீடாகக் கொண்டுசேர்த்தது. பிறகு வந்தது சூடாறாப்பெட்டி. கேரளத்துப் புழுங்கலரிசி வேக நேரம் பிடிக்கும். விறகும் கேஸும் அதற்கே கரையும். இந்தப் பெட்டி அந்தச் செலவை மிச்சப்படுத்தியது. கார்பன் தடம் என்ற சொல்லே யார் வாயிலும் புழங்காத காலம் அது. பரிஷத்காரர்கள் எண்ணியது விறகையும், பெண்களின் கண்ணெரிச்சலையும். இன்றும் அந்தப் பெட்டி வைத்திருக்கும் வீடுகளில் காலையில் அரிசி சில நிமிடம் கொதிக்கிறது. பானையைத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்து மூடி, அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். மதியம் திறந்தால் சோறு வெந்திருக்கிறது.