எரிபொருள் உட்செலுத்தல்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு பங்கு பெற்றோல் முற்றாக எரிவதற்கு நிறையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். அவ்விகிதத்தை அளவறிந்து வழங்கும் முயற்சியே எரிபொருள் உட்செலுத்தலின் வரலாறு எனலாம்.

1958 இல் அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனம், பென்டிக்ஸ் நிறுவனம் ஆக்கிய இலத்திரனியல் உட்செலுத்தல் தொகுதியைத் தன் கார்கள் சிலவற்றிற் பொருத்தி விற்றது. அக்காலத்து இலத்திரனியல் உறுப்புகள் நம்பகமானவையாக அமையாமையால், அவற்றுட் பெரும்பாலானவற்றிற்குப் பின்னர் காபரேட்டரே பொருத்தப்பட்டது. பென்டிக்ஸின் காப்புரிமைகளைப் பயன்படுத்திய ஜேர்மனியின் பொஷ் நிறுவனம், 1967 இல் வொக்ஸ்வாகன் 1600 காரில் வெற்றி கண்டது. ஆயினும், எரிதலின் விளைவை அறிந்து தன்னைத் திருத்திக்கொள்ளும் ஆற்றல் அத்தொகுதிக்கு இருக்கவில்லை. 1976 இல் வொல்வோ கார்களில் இடம்பெற்ற ஒட்சிசன் உணரியே அக்குறையை நீக்கிற்று.

ஆகவே, இன்று பழைய காருக்கு உட்செலுத்தல் தொகுதியைத் தெரிவுசெய்வோர் இயந்திர வலுவை மட்டும் நோக்குதல் போதாது. ஒட்சிசன் உணரியின் அளவீட்டைக் கொண்டு அத்தொகுதி தன்னைத் திருத்துமா என்பதையும் ஆராய்தல் வேண்டும். அவ்வுணரியும் ஏமாறக்கூடியதே. புகைக்குழாயில் அதற்கு முன்னால் வெடிப்பு இருப்பின், உட்புகும் வெளிக்காற்றை எரியாத காற்றெனக் கொண்டு, தொகுதி பெற்றோலை மிகையாகச் செலுத்தும். எனவே, கணினியைத் தொடுமுன் புகைக்குழாயைச் சோதித்தலே முறையாகும்.