திரைக்கு முன்னால் தெரு: தன்னார்வலர்களைத் தயார்படுத்திய வரலாறு

2021 அக்டோபர் 27 அன்று, விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தொடங்கியது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு மாலை ஐந்து மணியிலிருந்து ஏழு மணிக்குள் வகுப்பு. ஒரு தன்னார்வலருக்கு இருபது பிள்ளைகள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. அப்போது அந்தப் பிள்ளைகள் பள்ளியைப் பார்த்து ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

இடைப்பட்ட காலத்தில் கல்வி என்றால் இணைய வகுப்புதான். ஆனால் 2017-18இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின்படி, ஊரக இந்தியாவில் இணைய வசதி இருந்த குடும்பங்கள் 14.9 விழுக்காடு, கணினி இருந்தவை 4.4 விழுக்காடு. 2011 கணக்கெடுப்பில் விழுப்புரம் மாவட்ட மக்களில் 29 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். நம் காலனிகளில் வீட்டுக்கு ஒரு போன் இருந்தாலும், அது காலையிலேயே அப்பாவோடு கரும்பு வெட்டப் போய்விடும்.

கற்பிக்கத் தன்னார்வலர்களைத் திரட்டுவது நமக்குப் புதிதல்ல. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அதைப் பெரிய அளவில் செய்தது. முதன்மைக் கருத்தாளர்களுக்குப் பயிற்சி, அவர்கள் வழியாகக் கருத்தாளர்களுக்கு, அவர்கள் வழியாகக் கிராமத்துத் தொண்டர்களுக்கு என்று பயிற்சி படிப்படியாக இறங்கியது. மூன்று பாடநூல்கள், சுமார் 200 மணி நேரக் கற்றல். பாட்டும் நாடகமும் பயிற்சிக்குள்ளேயே இருந்தன. தொண்டர்களுக்குச் சம்பளம் கிடையாது.

அந்த இயக்கத்தின் சாதனையை மதிக்கிறோம். ஆனால் ஊர் வேறு, காலனி வேறு என்று பிரிந்து கிடக்கும் கிராமத்தில், வகுப்பு எந்தத் திண்ணையில் நடக்கிறது என்பதே முதல் பாடம். எழுத்தை எப்படிச் சொல்லித்தருவது என்று கையேட்டில் எழுதலாம். காலனிப் பெண் பாடம் நடத்தினால் பிள்ளையை அனுப்ப மாட்டோம் என்கிற ஊர்த்தெருவிடம் அவள் என்ன பேசுவது? அவளுக்குத் துணையாக யார் நிற்பது? இந்தக் கேள்விகளைத் தொடாத பயிற்சி பாதிப் பயிற்சிதான்.

இதற்குத் திண்டிவனத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் இருளர்களுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டு நீண்ட காலம் போராடினார்கள். சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு உதவித்தொகையும் இல்லை, இட ஒதுக்கீடும் இல்லை. பிள்ளையின் படிப்பு தாலுகா அலுவலகத்தில் நின்றுபோகும் என்று தெரியாதவர் நல்ல வழிகாட்டியாக இருக்க முடியாது.

இன்று உயர்கல்வி வழிகாட்டல், போட்டித் தேர்வு, கணினி அடிப்படை எல்லாவற்றுக்கும் இணையப் பயிலரங்குகள் வந்துவிட்டன. திரையில் தெரு தெரியாது, சாதியும் தெரியாது என்று சிலர் நம்புகிறார்கள். பயிலரங்கு தொடங்கியதும் தன்னார்வலர் அன்பாகத்தான் கேட்கிறார்: "எந்த ஊர்ப்பா? எந்தத் தெரு?" விழுப்புரம் பக்கம் அது சாதியைக் கேட்கும் கேள்வி. பதில் சொல்லாத பிள்ளை அடுத்த வகுப்புக்கு வராது.

அதனால் தன்னார்வலர்களிடம் நாங்கள் சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறோம். தெருவைக் கேட்காதீர்கள், என்ன கற்க ஆசை என்று கேளுங்கள். கேமராவைப் போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்; வீட்டைக் காட்ட விரும்பாததற்குக் காரணம் இருக்கும். ஒரு போனில் இரண்டு பேர் படித்தால் இரண்டு பெயரையும் பதியுங்கள். வேலை முடிந்து போன் வீடு திரும்பும் நேரத்தில் வகுப்பை வையுங்கள். பேச்சு வழக்கைத் திருத்தாதீர்கள். வராதவரை மறுநாளே போனில் கூப்பிடுங்கள்.

ஏற்பாடு செய்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தந்தக் காலனியில் படித்த ஒருவரை உடன் வழிகாட்டியாக வையுங்கள். அவருக்கு ஊதியம் கொடுங்கள். தொண்டு என்ற பெயரில் நம் பெண்களின் உழைப்பை இலவசமாக வாங்கியது போதும்.