ஊர்க்கட்டும் அரசச் சட்டமும்: புத்தளக் கரையோர வரலாறு காட்டும் சில உண்மைகள்

மக்கள் கூடி வாழத் தலைப்பட்ட இடமெங்கும் இருவகை விதிகள் அவர்களை ஆண்டு வந்துள்ளன. ஒன்று, அயலார் தம்முள் கூடித் தமக்கென வகுத்துக்கொள்ளும் ஊர்க்கட்டு. மற்றது, அவ்வூருக்கு அப்பாலிருந்து அரசு நாடு முழுவதற்குமென இயற்றும் சட்டம். வேலி எங்கே அமையலாம், குப்பையை எங்கே கொட்டலாம், வலையை யார் எப்பொழுது வளைக்கலாம் என்னும் சிறு வினாக்களுக்கும் இவ்விரண்டும் விடை கூறுகின்றன. விடைகள் ஒத்திருக்குங்கால் இடரில்லை. முரண்படுங்கால் யாருடைய சொல் நிற்கும் என்னும் வினா எழுகின்றது. அவ்வினாவைப் புத்தளக் கரையோரத்தின் வரலாற்றைத் துணைக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பொருளைப் பேசப் புகுவோர் முதலில் நினைவுகூர்வது உத்தரமேரூர்ச் சாசனங்களையே. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி. பி. 919, 921 ஆகிய ஆண்டுகளிற் பொறிக்கப்பெற்ற அவை, குடவோலை முறையையும், ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வற்சர வாரியம் என்பவற்றின் அமைப்பையும் விரித்துரைக்கின்றன. தமிழர் ஊராட்சியின் பெருமைக்கு இவற்றைச் சான்று காட்டுதல் வழக்கம். அப்பெருமை தக்கதே. ஆயினும், அதே சாசனங்களிற் காணப்படும் வேறு இரண்டு செய்திகள் அத்துணை கவனம் பெறுவதில்லை. அவ்விதிகள் அரசன் ஆணையை முன்னிட்டே செய்யப்பட்டன. அவை முடிவான கூட்டத்தில் அரசனின் அதிகாரியும் உடனிருந்தான் என்பது ஒன்று. காற்பங்கு வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையிற் கட்டிய வீடும் உடையவரே குடவோலைக்கு உரியவர் என்பது மற்றொன்று. ஆகவே, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஊர்க்கட்டு அரசின் துணையை நாடிற்று. மனையுடையாரையும் மனையில்லாரையும் வேறு பிரித்தும் வைத்தது. இவ்விரு செய்திகளையும் மனத்திற் கொண்டு புத்தளத்தை நோக்குவோம்.

முத்திரைக்கூடம்

தெற்கே மகா ஓயா தொடக்கம் வடக்கே மன்னார் மாவட்ட எல்லைவரை நீண்டு கிடப்பது புத்தளக் கரையோரம். சிலாபம், முந்தல், புத்தளம் ஆகிய களப்புகளும், கற்பிட்டிக் குடாநாடும், அதனை அடுத்த தீவுகளும் இதன்கண் உள்ளன. இந்துக்களும் இஸ்லாமியரும் கத்தோலிக்கரும், தமிழும் சிங்களமும் பேசுவோரும் நெடுங்காலமாக அருகருகே வாழும் நிலம் இது. எனவே, ஒருவர் கட்டு மற்றொருவரைத் தொடும் நிலையும் இங்கே புதியதன்று.

புத்தளத்து முக்குவர் தமக்கென ஒரு மன்றம் கொண்டிருந்தனர். முத்திரைக்கூடம் என்பது அதன் பெயர். வன்னியனார் என்னும் பட்டமுடைய தலைவரின் கீழ்ப் பதினெண்மர் அதில் அமர்ந்தனர். இம்மன்றத்தைப் பற்றிய செய்தி நமக்குக் கிடைத்தமைக்கு இம்மண்ணின் மைந்தர் ஒருவரே காரணர். கற்பிட்டியில் 1807ஆம் ஆண்டிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் வெளியிட்ட இலங்கை அகராதி நூலில் இப்பகுதியின் ஊர்களையும் வழக்காறுகளையும் பதிந்து வைத்தார். தமிழ்ப் புலவர் வரலாறாகிய ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் நூலை 1859இல் அளித்தவரும் அவரே. சட்டநிரூபண சபையிலே தமிழ்ப் பிரதிநிதியாயிருந்து, பின்னர்ச் சிலாபத்தில் நீதிபதியாகவும் அமர்ந்த அவர், ஊர் வழக்கையும் அரச சட்டத்தையும் ஒருங்கே அறிந்தவர்.

முத்திரைக்கூடம் இன்று இல்லை. யாழ்ப்பாணத்துத் தேசவழமையோ இன்றும் நீதிமன்றங்களிற் செல்லுபடியாகின்றது. இவ்வேறுபாட்டின் காரணம் யாது? ஒல்லாந்தர் காலத்தில், கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி தேசவழமையைத் தொகுத்து 1707ஆம் ஆண்டில் அளித்தார். பன்னிரு முதலிமார் அதனை நோக்கி உடன்பட்டனர். ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்கு முழு வலிமை அளித்தனர். அதே ஆண்டில் இஸ்லாமியரின் மணம், மரபுரிமை என்பன பற்றிய விதிகளும் தொகுத்து வெளியிடப்பட்டன. முக்குவர் வழக்கத்துக்கு அத்தகைய ஏற்பு வாய்க்கவில்லை. 1833ஆம் ஆண்டின் நீதிப் பட்டயம் நாடு முழுவதற்கும் ஒரே வகை நீதிமன்றங்களை நிறுவியபொழுது, தனிக்குழுவின் மன்றத்துக்கு இடமில்லாது போயிற்று. மட்டக்களப்பில் நிலவிய முக்குவர் மரபுரிமை வழக்கத்தை 1876இல் பிரிட்டோ என்பார் நூலாக்கினார். அதே ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் அவ்வழக்கம் சட்ட வலிமை இழந்தது. காலந்தாழ்த்திய ஏடு காப்பாற்றவில்லை. அரசின் ஏட்டில் ஏறிய கட்டு நின்றது. ஏறாத கட்டு நினைவாயிற்று.

ஊருக்கு மீளக் கொடுத்த அதிகாரம்

மன்றங்களை ஒழித்த ஆங்கிலேயர், விரைவில் ஓர் இடரைக் கண்டனர். வயலுக்கு நீர் பாய்ச்சும் முறையையும் வேலியடைக்கும் நாளையும் நீதிமன்றத்திலிருந்து நடத்த இயலவில்லை. எனவே, 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வயற்சொந்தக்காரர் கூடிப் பழைய நீர்ப்பாய்ச்சல் வழக்கங்களை மீண்டும் விதியாக்க இடமளித்தது. 1871ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கக் கிராமச் சமூகக் கட்டளைச் சட்டம் இதனை மேலும் விரித்தது. ஊரார் விதி செய்வர். தேசாதிபதி அதனை ஏற்பார். மீறினோரைக் கிராம நீதிமன்றம் விசாரிக்கும். ஊரின் சொல்லுக்கு அரசின் முத்திரை கிடைத்தது. ஆயின், முத்திரை அரசின் கையில் இருந்தமையால், ஏற்பதும் மறுப்பதும் அரசின் விருப்பாயிற்று. பிற்காலத்தில் கிராம சபைகளாக வளர்ந்த இவ்வமைப்பு 1981இல் மறைய, 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் பிரதேச சபைகள் தோன்றின. பழைய கிராமச் சபையில் அயலவர் முகமறிந்து பேசினர். பிரதேச சபை அதனினும் பரந்த நிலத்துக்கு உரியது. ஆதலின், சிற்றூரின் கட்டு மீண்டும் எழுதா வழக்கமாக ஒதுங்கிற்று.

பாடு என்னும் உரிமை

அவ்வெழுதா வழக்கத்தின் சிறந்த எடுத்துக்காட்டுக் கரைவலைத் தொழிலாகும். தோணியில் வலையை ஏற்றிக் கடலில் அரைவட்டமாக வளைத்து, இருபுறக் கயிறுகளையும் கரையிலிருந்து பலர் இழுத்து மடியைக் கரைசேர்ப்பது இத்தொழில். உடப்பு முதலிய ஊர்களில் அம்பாப் பாடல் பிறந்தது இவ்விழுவையின் களைப்பைத் தீர்ப்பதற்கே. ஒரு வலைக்கு நீண்ட கரைப்பரப்பு வேண்டும். ஒரே இடத்தில் இரு வலைகள் ஒரே நேரத்தில் வளைய இயலா. எனவே, கரை பாடுகளாகப் பகுக்கப்பட்டது. எப்பாடு எச்சம்மாட்டியாருக்கு உரியது, பலர் உரியராயின் யார் முறை முதலில் என்பனவற்றை ஊரே தீர்மானித்தது.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. அப்பாட்டின் மணல் சம்மாட்டியாருக்குச் சொந்தமன்று. கடற்கரை பொதுவுடைமை என்பது நாட்டில் வழங்கும் ரோமன் ஒல்லாந்தச் சட்டத்தின் கொள்கை. உறுதியில்லாத நிலத்தை முடிக்குரியதாகக் கொள்ளும் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் அதன்மேல் வந்தது. ஆக, நிலம் அரசினது, முறை ஊரினது. 1940ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கடற்றொழிற் கட்டளைச் சட்டமும், 1984இல் கரைவலைக்கென வந்த ஒழுங்குவிதிகளும், 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டமும் அனுமதிப்பத்திரத்தை வேண்டின. ஊர் ஏற்ற முறையிருந்தும் பத்திரமில்லாதவன் குற்றவாளி. பத்திரமிருந்தும் ஊர் ஏற்காதவன் வலையிழுக்க ஆளின்றி நிற்பான்.

வீடு கட்டும் பொருளிலும் இதே நிலைதான். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்புறமாக 300 மீற்றர் கரையோர வலயமாகும். அதனுள் கட்டடம் எழுப்ப அனுமதி வேண்டும். மீன்பிடித்தலுக்கு அவ்வனுமதி வேண்டியதில்லை. ஆனால், மீனவர் தங்கும் வாடி கல்லாலும் சீமெந்தாலும் எழுமாயின் அது கட்டடமாகிவிடும். கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அகலமான நிலம் 1982இல் நகர அபிவிருத்திக்குரிய பிரதேசமாகவும் வெளியிடப்பட்டது. ஆகவே, ஒரே மனைக்கு ஊர், உள்ளூராட்சி மன்றம், கரையோரத் திணைக்களம் என மூவர் வாசல் காக்கின்றனர். ஒருவர் வாசலைத் திறந்தமையால் மற்றவர் வாசலும் திறந்ததாகாது. இதனை அறியாது, ஊரார் சம்மதித்தனர் என்று கட்டிய சுவரை அதிகாரிகள் இடிக்க வருங்கால் வீட்டார் திகைக்கின்றனர்.

இரு முன்மாதிரிகள்

இருவகை விதிகளும் பொருந்தி நடந்த இடமும் உண்டு. மகா ஓயாவுக்குத் தெற்கே நீர்கொழும்புக் களப்பில், சிங்களத்திற் கட்டுதெல் எனப்படும் தடிவலைத் தொழில் சில சங்கங்களின் கையில் உள்ளது. எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதைச் சங்கத்தார் சீட்டுக் குலுக்கித் தீர்ப்பர். இவ்வழக்கத்தை 1958ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளால் அரசு சட்டமாக்கிற்று. ஊரின் அறிவும் அரசின் வலிமையும் ஒன்றாயின. எனினும், உறுப்புரிமை பிறப்பாலும் ஊராலும் சமயத்தாலும் வரையறைப்பட்டது. உத்தரமேரூரில் மனையில்லார் வெளியே நின்றது போல, இங்கும் வெளியே நிற்போர் உளர்.

தலைநகரின் தொடர்மாடிகள் மற்றொரு முன்மாதிரி. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் வீட்டுடைமையாளர் யாவரும் ஒரு முகாமைக் கூட்டுத்தாபனத்தின் உறுப்பினராவர். படிக்கட்டு, நீர்த்தொட்டி, கூரை ஆகியவற்றின் பராமரிப்பையும் கட்டணத்தையும் அவர்களே தீர்மானிப்பர். அவர்கள் செய்யும் துணைவிதி சட்டத்தை மிஞ்ச முடியாது. மாநகர சபையின் கட்டட விதி ஒருபுறம் தனித்து இயங்கும். அமெரிக்க நாட்டு வீட்டுடைமையாளர் சங்கங்களிலும் கொள்கை இதுவே. சங்கம் உறுப்பினரிடையே உடன்படிக்கையால் ஆள்கின்றது. நகரம் யாவரையும் சட்டத்தால் ஆள்கின்றது. சங்கத்தின் விதி நகரத்தின் விதியினும் கடுமையாயிருக்கலாம். நகரம் விலக்கியதை அனுமதிக்க அதற்கு வலிமை இல்லை.

வெளியார் வினா

உடன்படிக்கை உடன்பட்டவரையே கட்டும். உடன்படாதவன் வந்தால் ஊர் என் செய்யும்? புத்தளக் கரைக்கு இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. மேற்கில் தென்மேற்குப் பருவக்காற்று எழுந்து கடல் கொந்தளிக்குங்கால், இக்கரை மீனவர் பலர் முல்லைத்தீவு, திருகோணமலைக் கரைகளுக்குப் பெயர்ந்து வாடியமைத்துத் தொழில் செய்தனர். தம்மூரில் முறை வகுப்பவர் ஆங்கே முறை கேட்டு நிற்பவர். மறுபுறம், 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம் மக்களுட் பெரும்பகுதியினர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் அடைக்கலம் புகுந்தனர். அவருள் மன்னார்க் கரைக் கடற்றொழிலாளரும் இருந்தனர். கடலறிவு அவர்களிடம் இருந்தது; பாட்டுரிமை இல்லை. இடம் கொடுத்த ஊரார் தம் நிலத்தையும் நீரையும் பகிர்ந்தனர் என்பது மறக்கத்தகாதது. ஆனால், பகிர்வு அன்பால் நிகழுமளவும் நிகழ்ந்தது, உரிமையால் நிகழவில்லை. வெளியாருக்கு உரிமை வழங்க ஊர்க்கட்டினால் ஆகாது. அது அரசின் கடன்.

அரசும் தன் கடனை எப்பொழுதும் செம்மையாகச் செய்ததென்று கூறுவதற்கில்லை. கற்பிட்டியின் 14 தீவுகளை உல்லாசப் பிரயாணத்துக்கென வகுத்தபொழுது, தலைமுறையாக அக்கரைகளை ஆண்டவரிடம் காட்டுவதற்கு உறுதி இல்லை. ஏட்டில் ஏறாத முத்திரைக்கூடத்தின் கதையே இங்கும் நினைவுக்கு வருகின்றது.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். முதலாவது, ஊர்க்கட்டு தன்னளவில் வாழாது. அரசின் ஏட்டில் இடம்பெற்றாலன்றி, அரசு மாறும்பொழுது அது அழியும். இரண்டாவது, அரசச் சட்டம் தன்னளவில் ஆளாது. கரையின் காற்றையும் நீரோட்டத்தையும் அறிந்தவர் துணையின்றி அது தாளிலேயே நிற்கும். மூன்றாவது, ஊரும் அரசும் கைகோத்துவிட்டாற் போதுமென்று அமைதல் கூடாது; அக்கட்டில் இடம்பெறாதவர் யார் என்று ஒவ்வொரு முறையும் கேட்டல் வேண்டும்.

வழி முற்றும் அடைபட்டதன்று. 1996ஆம் ஆண்டின் சட்டம் கடற்றொழில் முகாமைப் பிரதேசங்களை வெளியிடவும், அங்கு வாழும் மீனவர் குழு அமைத்துத் திட்டம் வகுக்கவும் இடமளிக்கின்றது. தத்தம் ஊரின் பாட்டு முறைகளை எழுதி வைத்து அக்குழுக்களின் வாயிலாக முன்வைத்தல் ஊரார்க்கு இயல்வதே. எழுத்தறிந்த மாணவர் இப்பணியில் முதியோர்க்குத் துணைபுரிதல் தகும். பாடுகளின் பெயரையும், எல்லையையும், முறை மாறும் ஒழுங்கையும், முறையின்றி நிற்போர் விவரத்தையும் மறையாது குறித்தல் வேண்டும். காசிச்செட்டி தம் காலத்துப் புத்தளத்தை எழுதி வைத்தமையால் முத்திரைக்கூடத்தின் பெயராவது நமக்கு எஞ்சிற்று. இன்றைய பாடுகளுக்குப் பெயரோடு உரிமையும் எஞ்சுமாறு செய்தல் இத்தலைமுறையின் கடமையாகும்.