கத்திக்கு முன் ஒரு தாள், பின் ஒரு கோப்பு

மலேசிய அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைக்கு இரண்டு காவல்கள் உண்டு. மூத்தது 1992இல் வந்த இறப்பு மறுஆய்வு. அறுவையை ஒட்டி நோயாளி இறந்தால், எங்கே சறுக்கியது என்று சக நிபுணர்கள் கோப்பைப் புரட்டுவார்கள். பெயர்கள் வெளியே வராது, தண்டிப்பது நோக்கமல்ல. இளையது, உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட 19 அம்சச் சரிபார்ப்புத் தாள்.

தாளுக்கு மூன்று நிறுத்தங்கள்: மயக்க மருந்துக்கு முன், கத்தி வைக்குமுன், நோயாளி அறையை விட்டுப் போகுமுன். ஆள் இவர்தானா, வலமா இடமா, ஒவ்வாமை உண்டா, பஞ்சும் ஊசியும் எண்ணிக்கை சரியா? டெல்லி, மணிலா உட்பட எட்டு நகரங்களில் சோதித்தபோது இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆக இறங்கியதாக 2009இல் அறிவித்தார்கள். கனடாவின் ஒன்டாரியோவில் 101 மருத்துவமனைகளை ஆராய்ந்த 2014 ஆய்விலோ 0.71 என்பது 0.65 ஆனதோடு சரி. அதைக் குறைவு என்று சொல்லப் புள்ளியியல் இடம் தரவில்லை. கேட்காமலே டிக் போட்டால் எந்தத் தாளும் அவ்வளவுதான் என்பது என் கணிப்பு. டத்தோ பட்டம் பெற்ற நிபுணரைப் பார்த்து, "கொஞ்சம் பொறுங்கள், டாக்டர்" என்று இளம் தாதி சொல்ல முடிகிறதா? அதில்தான் இருக்கிறது சங்கதி.

தாள் உரிய நேரத்தில் வருகிறது, பார்வை குறுகல். மறுஆய்வு நோயாளி வந்து சேர்ந்த நிலையையும் பார்க்கிறது, ஆனால் ஆள் போன பிறகு. புண் ஆறுவதைக் கெடுக்கும் இனிப்பு நீர், அந்த 19இல் தனிக் கேள்வியாகக்கூட இல்லை.

இந்த இடைவெளிக்குச் சிகாமட் மாவட்டத்தில் ஒரு வழி தெரிகிறது. மோனாஷ் பல்கலைக்கழகம் 2011இல் தொடங்கிய 'சியாக்கோ' ஆய்வுக் குழு பெக்கோக், சாஆ, கெமெரே, ஜாபி, சுங்கை சிகாமட் ஆகிய ஐந்து முக்கிம்களில் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் அளந்திருக்கிறது. நோக்கம் அறுவை சிகிச்சை அல்ல. ஆனால் பெக்கோக்கிலிருந்து குடலிறக்க அறுவைக்கு வருபவரின் சர்க்கரை சில வாரங்கள் முன்பே தெரிந்தால், மருந்தைச் சரிசெய்யலாம், அவசரமில்லையென்றால் தேதியைத் தள்ளலாம். எந்த மாத்திரையை நிறுத்துவது, எப்போதிலிருந்து சாப்பிடக் கூடாது, வீடு திரும்பியபின் காயம் சிவந்தால் எந்தக் கிளினிக்குக்குப் போவது என்பதையும் அவருக்குத் தமிழிலேயே சொல்ல அவகாசம் கிடைக்கும்.