பம்பாய்க்கு வந்த பால சபை

ஆண்டு விழா நெருங்கும்போதெல்லாம் நம் காலனியில் ஒரு புதுக்களை பிறக்கிறது. அலுவலகத்திலிருந்து களைத்துத் திரும்பும் தந்தையர் வசனத்தாளைக் கையில் ஏந்தி நடமாடுகின்றனர். தாய்மார் பழைய பட்டுப் புடவையை ராணி வேடத்திற்கெனத் தேடி எடுத்து வைக்கின்றனர். வீட்டிலே மராட்டியும் இந்தியும் கலந்து பேசும் நம் குழந்தைகள், மேடையில் ஏறியதும் தூய தமிழ் பேச முயன்று நாக்குழறுவதைக் கண்டு நாம் நகைக்கிறோம். நகைத்த மறுகணமே நம் கண்கள் பனிக்கின்றன. இந்த மேடைக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் ஒரு முக்கியமான பக்கம், நாம் குடியேறி வாழும் இதே பம்பாய் மாநகரில், இன்றைய மும்பையில், எழுதப்பட்டது என்பதை நம்முள் பலர் அறியோம். அதனை நினைவுகூர்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராகச் சென்று கொட்டகை அடித்து நாடகம் நடத்திய காலம் அது. அக்கம்பெனிகளுள் சிறுவர்களைக் கொண்டே நடத்தப்பட்டவை பாலர் சபைகள் எனப்பட்டன. அங்கே ஆறு வயதுப் பாலகனும் அரசனாவான். பத்து வயதுப் பையன் பத்தினியாவான். பெண் வேடங்களையும் சிறுவர்களே ஏற்றனர். வாத்தியார் சொல்லச் சொல்லப் பாடம் கேட்பது, விடியலில் எழுந்து குரலைப் பழக்குவது, பகலில் உறங்கி இரவெல்லாம் ஆடுவது என்பதே அவர்தம் வாழ்க்கை. ஒலிபெருக்கி இல்லாத அந்நாளில் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் கேட்கும்படி உச்சக் குரலில் பாடியாக வேண்டும். பருவம் மாறிக் குரல் உடையும் ‘மகரக்கட்டு’ வந்துவிட்டால், நேற்றுவரை ராஜபார்ட்டாக விளங்கிய பையனின் நிலை தடுமாறும். எனினும் அக்கம்பெனியே அவனுக்குப் பள்ளி. அதுவே அவனுக்கு வீடு.

இத்தகைய பள்ளிகளுள் தலையாயது, தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் ஆசிரியராய் விளங்கிய மதுரைத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையாகும். 1918-ஆம் ஆண்டில் அச்சபையில் சேர்ந்த சங்கரன், முத்துசாமி, சண்முகம் ஆகியோரும் அவர்தம் இளவல் பகவதியுமே பின்னாளில் டி.கே.எஸ். சகோதரர்கள் எனப் புகழ்பெற்ற நால்வர். அவர்தம் தந்தையார் கண்ணுசாமிப் பிள்ளையும் பெண் வேடமேற்றுப் பெயர் பெற்ற நடிகரே. சபையிற் சேர்ந்தபோது சண்முகத்திற்கு வயது ஆறு. அச்சிறுவன் ஏற்று நடிப்பதற்கென்றே சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்த செய்தியை, ‘எனது நாடக வாழ்க்கை’ என்னும் தம் நூலில் சண்முகமே நன்றியோடு பதிவு செய்திருக்கிறார். 1922-ஆம் ஆண்டு புதுச்சேரியில் சுவாமிகள் மறைந்தார். மூன்றாண்டுகள் கழித்து, 1925-இல், சகோதரர்கள் ‘மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபா’ என்னும் தம் சொந்தக் குழுவைத் தோற்றுவித்தனர். அப்போது சண்முகத்திற்கு வயது பதின்மூன்றே.

சொந்தக் குழு என்றால் சுதந்திரம் என்று நாம் எண்ணலாம். அதனை நடத்தியவர்களுக்கோ அது தீராக் கவலை. நாடகம் நடந்தாலும் நடவாவிட்டாலும் குழுவிலுள்ள அனைவருக்கும் இருவேளை அடுப்பு எரிய வேண்டும். திரைச்சீலைகளையும் உடைப் பெட்டிகளையும் ஊர்விட்டு ஊர் கொண்டு செல்ல ரயில் கட்டணம் வேண்டும். கொட்டகை வாடகை, விளக்குச் செலவு, விளம்பரச் செலவு ஆகியவை காத்திரா. இரண்டு நாள் மழை பெய்தால் வசூல் போயிற்று; ஊரில் கொள்ளை நோய் என்றால் கூட்டமே இல்லை. இவற்றையெல்லாம் தாங்கி நின்ற குழுக்களுக்கு, 1930-ஆம் ஆண்டை ஒட்டி உலகெங்கும் பரவிய பொருளாதார மந்தம் ஓர் அடியாக வந்தது. அதனைத் தொடர்ந்து வந்தது பேசும் படம்.

இந்தியாவின் முதற் பேசும் படமான ‘ஆலம் ஆரா’ 1931 மார்ச் 14-ஆம் நாள் பம்பாயில் வெளிவந்தது. அதே ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் ‘காளிதாஸ்’ சென்னையில் திரையிடப்பட்டது. கதாநாயகி டி.பி. ராஜலக்ஷ்மி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் விடையிறுத்த விந்தையான படம் அது. அதனைப் பிடித்த இடமும் பம்பாயே. 1934-ஆம் ஆண்டு வரையில் சென்னையில் ஒலிப்பதிவு செய்யும் ஸ்டூடியோ இல்லாமையால், தமிழ்ப் படம் எடுக்க விரும்பியவர்கள் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ரயிலேறினர். தமிழ்த் திரையின் மழலை பிற மொழியாளர் நகரங்களிலேயே ஒலித்தது. பிழைப்புத் தேடி வடக்கே வந்த நமக்கு இதிலே ஒருவகை உறவு தோன்றுவது இயல்பே.

பேசும் படம் நாடகத்தை எவ்வாறு வாட்டியது என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். நாடகக் கம்பெனி ஓர் ஊரில் ஆடினால் மற்றோர் ஊரில் ஆட முடியாது. படமோ ஒரே இரவில் பத்து ஊர்களில் ஓடும். படப்பெட்டிக்குப் பசியில்லை; தொண்டை கட்டுவதில்லை; மகரக்கட்டும் வருவதில்லை. நாடகம் நடந்த கொட்டகைகள் ஒவ்வொன்றாகப் படக் கொட்டகைகளாயின. நாடகத்தை விழுங்கிய இப்படங்கள் உயிர்வாழ்ந்ததோ நாடகத்தைக் கொண்டே. 1934-இல் வெளிவந்த ‘பவளக்கொடி’ மேடையில் வெற்றி பெற்ற நாடகமே. அதில் நடித்த எம்.கே. தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலக்ஷ்மியும் மேடையில் அதே வேடங்களைத் தாங்கியவர்களே. கதையும் பாட்டும் நடிகரும் கம்பெனிகள் தந்தவை. வசூல் மட்டும் இடம் மாறிற்று.

இந்த நெருக்கடியில்தான் ஷண்முகானந்த சபாவுக்குப் படவுலகின் அழைப்பு வந்தது. பின்னாளில் ஜுபிடர் பிக்சர்ஸ் என்னும் பெரு நிறுவனத்தை நடத்திய சோமசுந்தரம், மொய்தீன் ஆகிய இருவரும் அப்போது படத்தொழிலில் அடியெடுத்து வைத்தனர். அவர்தம் தேர்வு, புராணக் கதையன்று. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’ என்னும் நாவலை ஒட்டி இக்குழு மேடையில் நடத்தி வந்த சமூக நாடகம். நாவல்களை நாடகமாக்கி, வாழும் மக்களின் குடும்பத் துயரை மேடைக்குக் கொணரும் வழியை இச்சகோதரர்களுக்குக் காட்டியவர் எம். கந்தசாமி முதலியார். நாத்திமார் கொடுமையால் கணவனைப் பிரிந்து, வஞ்சகரால் விற்கப்பட்டு, ஓர் இஸ்லாமியப் பெண்ணின் பெருந்தன்மையால் மீளும் மேனகாவின் கதை, மேடையில் பல இல்லத்தரசியரை அழச் செய்திருந்தது.

அப்படத்தின் இயக்குநர் யார் என்பது நமக்குத் தனி மகிழ்ச்சி தரும் செய்தி. அவர் பி.கே. ராஜா சாண்டோ. புதுக்கோட்டையில் பிறந்து, உடற்பயிற்சி வீரராய்ப் பெயர் பெற்று, பிழைப்பை நாடிப் பம்பாய்க்கு வந்து, மௌனப் படங்களில் நாயகனாய்ப் புகழ் ஈட்டிய தமிழர். அந்நகரில் நமக்கு முன்னோடியாய் வாழ்ந்தவர். தாதரில் இருந்த ரஞ்சித் ஸ்டூடியோவில் ‘மேனகா’ படமாக்கப்பட்டபோது, மொழி தெரியாத ஊரில் வந்திறங்கிய நாடகப் பிள்ளைகளுக்குத் தமிழறிந்த அவரே வழிகாட்டியானார்.

கொட்டகையில் வளர்ந்தவர்களுக்கு ஸ்டூடியோ புதிய உலகம். பின்னணிப் பாடல் முறை தமிழில் 1938-இல் வந்த ‘நந்தகுமார்’ படத்தில்தான் தலைகாட்டிற்று. அதற்கு முன் நடிப்பவரே பாட வேண்டும். பாடும் கணத்திலேயே அது பதிவாக வேண்டும். ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் காமிராவின் பார்வைக்கு அப்பால் அமர்ந்து வாசிப்பர். ஒருவர் தும்மினாலும் காட்சி வீண். கடைசி வரிசைக்குக் கேட்க ஓங்கி ஒலித்த குரல், இங்கே அருகில் தொங்கும் மைக்குக்கென அடங்க வேண்டியதாயிற்று. கையை வீசிக் காட்டிய உணர்ச்சியைக் கண்ணில் மட்டும் காட்ட வேண்டியதாயிற்று. இரவு முழுதும் தொடர்ந்து ஆடிப் பழகியவர்கள், கதையின் முடிவை முதல் நாளும் தொடக்கத்தை மறுநாளும் நடித்துப் பழகினர். கைதட்ட எதிரே ஒருவரும் இல்லை என்பதே மேடை நடிகனுக்குப் பெருங்குறை.

மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. ‘மேனகா’ படத்தில் பெண் பாத்திரங்களைக் கே.டி. ருக்மிணி, எம்.எஸ். விஜயாள் முதலிய நடிகையரே ஏற்றனர். அதே 1935-ஆம் ஆண்டில் நவாப் இராஜமாணிக்கம் குழுவினர் நடித்து வெளிவந்த ‘பக்த ராமதாஸ்’ படத்திலோ மேடை மரபின்படி ஆண்களே பெண் வேடமும் பூண்டனர். பழைய முறை, புதிய முறை ஆகிய இரண்டையும் ஒரே ஆண்டில் தமிழ் மக்கள் கண்டனர். அருகிலிருந்து பார்க்கும் காமிராவின் முன் எது நிலைக்கும் என்பதைக் காலம் விரைவிலேயே தீர்ப்பளித்துவிட்டது.

‘மேனகா’ 1935-இல் வெளிவந்து வெற்றி கண்டது. தமிழின் முதற் சமூகப் படங்களுள் ஒன்று என்னும் பெருமை அதற்கு நிலைத்தது. சாமாவையர் என்னும் பாத்திரத்தில் தோன்றி மக்களைச் சிரிக்க வைத்த நாகர்கோவில் இளைஞர் ஒருவருக்குத் திரையுலகின் கதவு அன்றே திறந்தது. அவர்தாம் இக்குழுவில் வளர்ந்த என்.எஸ். கிருஷ்ணன், பின்னாளைய கலைவாணர்.

இங்கே நாம் நின்று சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. ‘மேனகா’ ஒரு குழுவைக் குழுவாகவே திரைக்கு அழைத்தது. சகோதரர்களும், உடன் வளர்ந்த தோழர்களும், அவர்கள் மேடையில் பண்படுத்திய நாடகமும் சேர்ந்தே அங்கு சென்றன. அதன் பின் வந்த காலம் அவ்வாறில்லை. சினிமா, கம்பெனிகளிலிருந்து ஒவ்வொருவராகப் பொறுக்கி எடுத்தது. 1936-இல் வெளிவந்த ‘சதி லீலாவதி’யை நோக்குக. கந்தசாமி முதலியாரின் மைந்தர் எம்.கே. ராதா அதில் நாயகர்; என்.எஸ். கிருஷ்ணன், டி.எஸ். பாலையா, மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பயின்ற எம்.ஜி. இராமச்சந்திரன் ஆகியோர் உடன் நடித்தோர். இப்படி ஒருவர் பின் ஒருவராய்ச் சென்றவர்கள் நாடறியப் புகழ் எய்தினர். அவர்தம் புகழில் நமக்கும் பெருமையே. ஆனால் ஒருவரை எடுத்துக்கொண்ட சினிமா, அவரோடு பாடம் கேட்டு, ஒரே பந்தியில் உண்டு, ஒரே பாயில் உறங்கிய மற்றவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பின்பாட்டுக்காரர், திரை இழுப்பவர், வேடம் புனைபவர், குரல் உடைந்த பையன் ஆகியோரின் பெயர்கள் எந்தப் படத்தின் தலைப்பிலும் இடம்பெறவில்லை. சினிமா நடிகரைப் பெற்றுக்கொண்டது. நடிகரை உருவாக்கிய வீட்டைக் காக்கவில்லை.

டி.கே.எஸ். சகோதரர்களின் பெருமை இவ்விடத்திலேதான் விளங்குகிறது. படத்தில் வெற்றி கண்ட பின்னும் அவர்கள் மேடையை விட்டு விலகவில்லை. ‘குமாஸ்தாவின் பெண்’ 1941-இல் படமானது. அதுவும் அவர்தம் மேடை நாடகமே. ஔவையாராக வேடம் தாங்கிய சண்முகம், ‘ஔவை சண்முகம்’ என்றே தமிழகத்தால் அழைக்கப்பட்டார். அவர் மேடையேற்றிய ‘இராஜராஜ சோழன்’ நாடகம், 1973-இல் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக வெளிவந்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில், அப்படம் வெளிவருமுன்பே, அவர் மறைந்தார். ஆறு வயதில் மேடையேறியவர் அறுபதைக் கடந்தும் மேடைக்காரராகவே வாழ்ந்தார்.

‘காளிதாஸ்’ உள்ளிட்ட அந்நாளையப் படங்கள் பலவற்றின் பிரதிகள் இன்று இல்லை. ரசாயனச் சுருள் காலத்தை வெல்லும் என்று எண்ணியது பொய்த்தது. அவற்றைப் பற்றி இன்று நாம் அறிவதெல்லாம் பழைய விளம்பரத் தாள்களாலும், கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களாலும், சண்முகத்தைப் போன்றோர் எழுதி வைத்த நினைவுகளாலுமே. ஆகவே நம் இல்லங்களில் பாட்டியின் பெட்டியடியில் அத்தகைய பாட்டுப் புத்தகமோ நாடக நோட்டீசோ கிடக்குமாயின், அதனைப் பழைய தாள்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதிருப்போம். சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற நிலையங்கள் இத்தகைய தாள்களைப் போற்றிக் காக்கின்றன. நம்மிடமுள்ள ஒரு தாள், மறைந்த ஒரு நடிகனின் பெயரைத் தாங்கியிருக்கக் கூடும்.

பிறந்த ஊரைவிட்டு, மூட்டையோடும் மொழியோடும் வேற்றூரில் இறங்கிக் கொட்டகை அமைத்தவர்கள் அந்நாடகப் பிள்ளைகள். நாமும் ஏறத்தாழ அவ்வாறு வந்தவர்களே. இவ்வாண்டு விழாவில் திரை விலகுமுன், திரைக்குப் பின்னால் நம் குழந்தை ஒன்று நெஞ்சு படபடக்க முதல் வசனத்தை முணுமுணுத்துக்கொண்டிருக்கும். அக்குழந்தை வசனத்தை மறந்தால் நாம் நகைக்க வேண்டா, அடியெடுத்துக் கொடுப்போம். திரை இழுக்கும் தம்பிக்கும், வேடம் புனைந்த சகோதரிக்கும் சேர்த்தே கைதட்டுவோம். சங்கரதாஸ் சுவாமிகளின் பிள்ளைகளுக்கு நாம் செலுத்தக்கூடிய கடன் அதுவே.