முழுப் பெயர் சொல்லி அழைப்போம்

காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கை, தறியோசைக்குப் பழகிய ஊர். திருமழிசையாழ்வாரைத் தொடர்ந்து காஞ்சியை விட்டுப் புறப்பட்ட பெருமாள் ஓரிரவு இங்கே தங்கினார் என்றும், அதனால் 'ஓரிரவிருக்கை' எனப்பட்ட ஊரே ஓரிக்கை என மருவிற்று என்றும் வைணவ மரபு கூறும். மக்கள் நாவில் பெயர்கள் தேய்வது இயல்பே. பொருள் தேயாமல் காப்பது நினைவுடையோர் கடமை. நம்மோடு வாழும் இசுலாமிய அன்பர்களின் பெயர்ப் பொருளை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

செத்தும் கொடுத்தவர் எனப் பழமொழி புகழும் கீழக்கரை வள்ளல் சீதக்காதியை நாம் அறிவோம். 17ஆம் நூற்றாண்டில் உமறுப்புலவரை ஆதரித்து, சீறாப்புராணம் உருவாகத் துணைநின்றவர் அவர். அவருடைய பெயர் செய்கு அப்துல் காதிர். தமிழர் வாயில் அதுவே சீதக்காதி ஆயிற்று. 'செய்கு' என்றால் பெரியவர். 'அப்து' என்றால் அடியார். 'காதிர்' என்றால் ஆற்றலுடையோன். ஆற்றலுடைய இறைவனின் அடியார் என்பது முழுப் பொருள். அப்துல்லா என்பதைத் தமிழாக்கினால் நம்மிடையே வழங்கும் தேவதாசன் என்ற பெயரே கிடைக்கும்!

அரபுச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்து வேர்களிலிருந்து பிறப்பவை. ஓரிக்கை நெசவாளர் மொழியில் சொன்னால், வேரெழுத்துகள் பாவு, உயிரொலிகள் ஊடை. ஒரே பாவில் ஊடை மாறினால் வேறு வேறு சேலை. புகழ்ச்சியைக் குறிக்கும் ஒரே வேரிலிருந்து முகம்மது, அகமது, மகமூது என்ற பெயர்களும், நாகூர் ஆண்டவர் சாகுல் அமீதின் 'அமீது'ம் தோன்றின.

இன்னும் பல பெயர்கள் நமக்கும் அவர்களுக்கும் பொதுவான முதுசொம். இபுராகீம் நம் ஆபிரகாம், மூசா, மோசே, தாவூது, தாவீது, அய்யூப், யோபு, யூசுப், யோசேப்பு, மரியம், நம் அன்னை மரியா. குர்ஆனின் 19ஆம் அதிகாரம் அன்னையின் பெயரையே தாங்கியுள்ளது. யோசேப்பு என்னும் எபிரேயப் பெயருக்குப் பெருகச் செய்தல் என்ற பொருள் உண்டு. அதை உணர்ந்தே வீரமாமுனிவர் தேம்பாவணியில் அவரை 'வளன்' என்றார். அன்னியப் பெயரின் உட்பொருளைத் தேடிக் கண்டு தமிழில் வாழவைத்த அம்முனிவரின் உழைப்பில் எத்துணை மரியாதை!

நாமோ அலுவலகத்திலும் கடைத்தெருவிலும் 'அப்துல்' என்று பாதியில் நிறுத்திவிடுகிறோம். 'இன்னாருடைய அடியார்' என்னும் தொடரில் இறைவனின் பெயரை வெட்டிவிட்டு, அடிமையை மட்டும் கூப்பிடுகிறோம். அவர் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார்; அது அவரது பண்பு. ஆனால், பெற்றோர் குழந்தையின் செவியில் ஓதிய மன்றாட்டு அங்கே அறுந்துபோகிறது. நம் தேவதாசனைப் பிறர் வெறும் 'தாசன்' என்றழைத்தால் தேவன் எங்கே என்று நாம் கேட்கமாட்டோமா?

இசுலாமியர் அன்னை மரியாவைப் போற்றுவதை 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் நன்மதிப்போடு குறிப்பிட்டது. அந்த நன்மதிப்பு ஏட்டில் மட்டும் தங்கிவிடலாகாது. நாளை தெருவில் நண்பரைக் காணும்போது அப்துல் காதிர் என்றே அழைப்போம். அந்த ஓர் அழைப்பில் அவரும் மதிக்கப்படுகிறார். அவரைப் படைத்தவரும் நினைக்கப்படுகிறார்.